இடக்கைத் துஷியும் நின்றுவிடும் சாந்தினியும்

பிர்கிட் ஈரப் புல்லில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். வழக்கமாகக் கையில் வைத்திருக்கும் தாள் கட்டு அன்று இல்லை. ஒரே ஒரு சொல் சொன்னார்.

“ஷிம்ப்ஃபென்.”

ஜெர்மன் மொழியில் திட்டுதல் என்று பொருள். எங்கள் அணியின் ஆட்டத் திட்டங்களில் ஒன்றுக்கு அந்தப் பெயர். பயிற்சியில் பலமுறை ஆடிப் பார்த்தது. போட்டியில் ஒரு தடவைகூட ஆடாதது.

துஷி வாயிலிருந்த பல்காப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். “இப்பவோ?” என்றாள். ஜெர்மன் பெண்களுக்கு நடுவில் நிற்கும்போது அவள் வாயில் தமிழ் வந்தால் உள்ளே பதற்றம் என்று அர்த்தம். பயிற்சியாளர் பிர்கிட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இப்போதுதான் என்று தலையாட்டினார்.

சாந்தினி விரல்களில் சுற்றியிருந்த வெள்ளை டேப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“அக்கா, விளங்கினதோ?”

“எனக்கு விளங்கினது. நீ ஒழுங்கா எறி பிள்ளை.”

நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். கடிகாரத்தில் இன்னும் ஒரு முயற்சிக்கு மட்டும் நேரம் இருந்தது. எதிரணியின் எல்லைக்கோடு இருபது கஜத்துக்குள். பந்தோடு அதைத் தாண்டினால் ஆறு புள்ளி; வென்று, லீக்கின் கீழ்ப் பிரிவிலிருந்து மேல் பிரிவுக்குப் போவோம். தாண்டாவிட்டால் அடுத்த ஆண்டு துஷி இருக்க மாட்டாள். துஷி இல்லாவிட்டால் அணி இருக்காது. அங்கே நின்ற எல்லோருக்கும் இது தெரியும்.

நான் கோட்டுக்கு வெளியே பென்சிலோடு நின்றிருந்தேன். ஆட்டத்தை எழுதுவது என் வேலை. மைதான ஓரத்து அடுப்பிலிருந்து சாஸேஜ் கருகும் வாசனை வந்துகொண்டிருந்தது. சுடுகிறவரும் அடுப்பை மறந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக் கடையில்

ஜெர்மனியில் இந்த டார்ம்ஸ்டாட்டுக்கு வந்து சேர்ந்த கதையை இந்தப் பக்கங்களில் முன்பே சொல்லிவிட்டேன். கணவருக்கு மென்பொருள் வேலை. எனக்கு, வேலை செய்ய அனுமதிக்காத விசா. சென்னையில் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்துக்காக மைதானம் மைதானமாக அலைந்தவள், இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து டிராம் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூக்குக் கண்ணாடி மாற்றப் போன கடையில் ஒரு பெண் என் எதிரே உட்கார்ந்து, கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்தாள். அளவுகோலை இடது கையில் பிடித்திருந்தாள். நீளமான விரல்கள். சுண்டுவிரல் மட்டும் எப்போதோ உடைந்து கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது.

“நீங்கள் இந்தியாவோ?” என்றாள் திடீரென்று.

“சென்னை.”

“இங்க என்ன செய்யிறீங்கள்?”

“சும்மாதான் இருக்கேன். அங்க பேப்பர்ல ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட்டர்.”

அளவுகோல் என் மூக்கின் மேல் அப்படியே நின்றது. “கிரிக்கெட் மட்டுமோ, எல்லா ஆட்டமும் எழுதுவீங்களோ?”

“கபடியிலேருந்து கேரம் வரைக்கும்.”

“அப்ப சனிக்கிழமை வாங்கோ. எங்கட டீமுக்கு எழுதுற ஆள் இல்லை. தொப்பி தருவம்.”

அவள்தான் துஷி. துஷ்யந்தி. இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த பெற்றோருக்கு இங்கே பிறந்தவள். அந்தக் கடையில் ஆஸ்பில்டுங் செய்துகொண்டிருந்தாள்; வேலை பார்த்துக்கொண்டே தொழில் கற்கும் படிப்புக்கு இங்கே அப்படிப் பெயர்.

தொப்பிக்காகப் போகவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் தொப்பி நன்றாகவே இருந்தது. கறுப்பு நிறம், முன்னால் வெள்ளை நூலில் ஒரு நீர்நாய். எங்கள் அணியின் பெயர் நீர்நாய்கள்.

உதைக்காத ஃபுட்பால்

அமெரிக்கர்களின் ஃபுட்பால் நமக்குப் பழக்கமில்லாதது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து நீள்வட்டமாக இருக்கும். காலால் உதைப்பது அபூர்வம். கையால் எறிவார்கள், அல்லது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஓடுகிறவரை எதிரணி பிடித்துத் தரையில் சாய்க்கும். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து அவர்களுக்கு.

ஒவ்வொரு முயற்சியையும் தொடங்கி வைப்பவர் க்வார்ட்டர்பேக். பந்து முதலில் அவர் கைக்கு வரும். எறிவதா, யாருக்கு எறிவது என்பதை இரண்டு மூன்று நொடிக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் அவரை நசுக்க நாலு பேர் பாய்ந்து வருவார்கள். பந்துவீச்சாளரும் கேப்டனும் ஒரே ஆளாக இருந்து, அவரைத் துரத்தவும் ஆள் இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் க்வார்ட்டர்பேக்.

பிர்கிட்டின் இளவயதில் ஊருக்குள் அமெரிக்க ராணுவ முகாம் இருந்தது. அவர் அப்போது ஹேண்ட்பால் ஆடியவர். முகாமின் வேலிக்கு வெளியே நின்று இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். பள்ளியொன்றில் உடற்பயிற்சி ஆசிரியை. குரல் மட்டும் பள்ளிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே உரப்பு.

முதல் சனிக்கிழமை நான் பார்த்தது துஷியின் எறிதலைத்தான். முதுகைக் கொஞ்சம் சாய்த்தாள். இடது தோள் பின்னால் போனது. அடுத்த கணம் பந்து மைதானத்தின் பாதித் தூரத்தில், தலைக்குமேல் சுழன்றுகொண்டு, விசில் போன்ற ஒரு சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ மைதானங்களில் உட்கார்ந்திருக்கிறேன். பிடரி மயிர் சிலிர்த்தது இரண்டு மூன்று தடவைதான். அதில் இது ஒன்று.

பந்து போய்ச் சேர்ந்த இடத்தில் நின்ற பெண் அதைத் தவறவிட்டாள். அடுத்தவளும் தவறவிட்டாள்.

பேக்கிங் தாள்

துஷியின் இடக்கைதான் அணியின் சொத்து. அதுவேதான் தலைவலியும்.

வலக்கைக்காரர் எறியும் பந்து ஒரு பக்கமாகச் சுழலும். இடக்கைக்காரர் எறிவது எதிர்ப்பக்கமாக. வேறு அணிகளில் ஆடிப் பழகியவர்களின் விரல்கள் பந்து இந்தப் பக்கம் உருளும் என்று காத்திருக்கும். அது அந்தப் பக்கம் உருண்டு நழுவிவிடும்.

ஆட்டத் திட்டங்களும் வலக்கைக்காரர்களுக்காக வரையப்பட்டவை. பிர்கிட் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கேக் சுடும்போது தட்டில் விரிக்கிற பேக்கிங் தாளில் திட்டங்களை வரைவார். பிறகு தாளைத் திருப்பிப் பிடிப்பார். மறுபக்கம் தெரியும் கோடுகள்தான் துஷியின் திட்டம். ஒரு முறை அவசரத்தில் ஒரே தாளை இரண்டு முறை திருப்பிவிட்டார். பாதி அணி தாளில் கண்டபடி வலப்பக்கமும் பாதி பழகியபடி இடப்பக்கமும் ஓடி, நடுவில் பந்தோடு துஷி மட்டும் நின்றாள்.

முன்வரிசையும் மாறியது. இடக்கைக்காரர் எறியத் திரும்பும்போது முதுகு வலப்பக்கம் இருக்கும். அங்கிருந்து பாய்பவரை அவரால் பார்க்க முடியாது. ஆகவே அணியிலேயே உறுதியான ஆள் வலக்கோடியில் நிற்க வேண்டும். பிர்கிட் அங்கே நிறுத்தியது ஸ்டெல்லாவை. தூத்துக்குடிப் பெண், பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பொறியியல் மாணவி, ஊரில் கபடி ஆடியவள். ஒருவரும் அவளைத் தாண்டியதில்லை. காரணம், அவள் எல்லோரையும் பிடித்துவிடுவாள். முன்வரிசை தள்ளலாம், பிடிக்கக் கூடாது. பிடித்தால் நடுவர் மஞ்சள் துணியை வீசுவார், அணி பத்து கஜம் பின்னால் போகும்.

“பிடிக்காம எப்படிக்கா நிறுத்த?” என்றாள் என்னிடம். “வர்றவள வாங்கன்னு உள்ள அனுப்பவா?”

பிர்கிட் அவளுடைய இரண்டு கைகளிலும் ஒவ்வொரு டென்னிஸ் பந்தைத் திணித்தார். பயிற்சி முழுக்கக் கை திறக்கக் கூடாது. ஸ்டெல்லா இரண்டு வாரம் பஸ்ஸிலும் அப்படியே வந்தாள். மூன்றாம் வாரம் பிடிப்பது நின்றது.

இவ்வளவும் ஒரே ஆளுக்காக. அணியின் முதல் விதியைப் பிர்கிட் உடைமாற்றும் அறையின் கதவில் எழுதி ஒட்டியிருந்தார்: துஷியை யாரும் தொடக் கூடாது. துஷி ஓடக் கூடாது.

திண்டுக்கல்லில் ஒரு கணுக்கால்

அந்தக் கதவைப் பார்க்கும்போதெல்லாம் பல வருடத்துக்கு முந்தைய ஓர் ஆட்டம் எனக்கு ஞாபகம் வரும்.

திண்டுக்கல்லில் பெண்கள் வாலிபால் போட்டி. ஓர் அணியில் ஆறடி உயரப் பெண் ஒருத்தி இருந்தாள். எல்லாப் பந்தும் அவளுக்குத்தான். மற்ற ஐந்து பேரும் அவளுக்குப் பந்து தூக்கிக் கொடுக்கப் பிறந்தவர்கள் போல ஆடினார்கள். அரையிறுதி வரை அந்த அணி யாரையும் மூச்சுவிட அனுமதிக்கவில்லை. இறுதி ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவள் குதித்து இறங்கியபோது கணுக்கால் மடங்கியது. அவளை வெளியே தூக்கிப் போன பிறகும் அந்த ஐந்து பேரும் பந்தை அதே இடத்துக்குத்தான் தூக்கினார்கள். மாற்றாக வந்தவளுக்கு அந்த உயரம் எட்டவில்லை. பந்து மறுபடி மறுபடி மண்ணில் விழுந்தது.

இதைத் துஷியிடம் ஒரு நாள் சொன்னேன்.

“பயப்பிடாதேங்கோ,” என்று சிரித்தாள். “என்ர கணுக்காலைப் பாக்க ஸ்டெல்லா இருக்கிறா.”

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வடக்கே ஒரு பெரிய நகரத்தின் மேல் பிரிவு அணி தன்னை அழைத்திருப்பதைச் சொன்னாள். கடைசி ஆட்டம் முடிந்ததும் பதில் சொல்ல வேண்டுமாம்.

“பிர்கிட்டுக்குத் தெரியுமா?”

“ஓம். முகத்துக்கு நேரே சொல்லிப்போட்டன். நாங்கள் ஏறினா இருக்கிறன். ஏறாட்டிப் போறன். கீழ இருந்துகொண்டு எவ்வளவு காலத்துக்கு எறியிறது?”

அதில் தவறு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பிர்கிட் அதைக் கேட்ட மறுநாள் புதிதாக ஒரு கட்டுப் பேக்கிங் தாள் வாங்கினார்.

மாங்கொட்டை

ஆக, தேவை ஒன்றே ஒன்று: துஷி எறிவதைப் பிடிக்கும் கைகள்.

அதைத் துஷியே கண்டுபிடித்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டு விழா. பெற்றோருக்கான வலைப்பந்து, அதாவது நெட்பால், ஆட்டம். முப்பது வயதைக் கடந்த ஒரு பெண், நீலக் கால்சட்டையும் பழைய ஷூவுமாக, நடுக்களத்தில் நின்று தன் பக்கம் வந்த பந்தையெல்லாம் பறித்துக்கொண்டிருந்தார். சாந்தினி. யாழ்ப்பாணத்தில் பள்ளி அணிக்காக ஆடியவர். இங்கே முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. இரண்டு பிள்ளைகள்.

துஷி காருக்குப் போய் நீள்வட்டப் பந்தை எடுத்து வந்தாள். ஒரு வார்த்தை சொல்லாமல் முழு வேகத்தில் எறிந்தாள். சாந்தினி நெஞ்சுக்கு முன்னால், பத்து விரலையும் விரித்து, பிடித்தார்.

“எடி, இது ஏன் மாங்கொட்டை மாதிரிக் கிடக்கு?”

“இன்னொருக்கா பிடிப்பீங்களோ அக்கா?”

அடுத்தடுத்து எறிந்தாள். ஒன்றும் விழவில்லை. வேறு எந்த ஃபுட்பாலையும் சாந்தினி பிடித்தது கிடையாது. ஆகவே சுழற்சி எந்தப் பக்கம் என்று அவருடைய விரல்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை.

சாந்தினியின் கணவர் சிவா அண்ணை ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸுடன் முதல் பயிற்சிக்கு வந்தார். பிர்கிட் ஒன்றைக் கடித்தார்; கண்ணை மூடிக்கொண்டார்; பிறகு வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. சாந்தினி அணியில் சேர்ந்துவிட்டார்.

“எப்பிடி ஓடுறது?”

பருவத்தின் முதல் போட்டி. துஷி எறிந்தாள். சாந்தினி பிடித்தார். சுற்றிலும் ஒருவர்கூட இல்லை. எல்லைக்கோடு வரை வெறும் புல்.

சாந்தினி நின்றார்.

கால்களை ஊன்றி, பந்தை நெஞ்சுக்கு மேலே தூக்கி, இடமும் வலமும் பார்த்தார். பிறகு முன்னால் நின்ற ஸ்டெல்லாவுக்கு அழகாக எறிந்தார். ஸ்டெல்லாவும் பிடித்துவிட்டாள். மஞ்சள் துணிகள் பறந்தன. ஒருமுறை முன்னோக்கி எறிந்த பந்தை மறுபடி முன்னோக்கி எறியக் கூடாது.

துஷி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சாந்தினியை நோக்கி வேகமாக நடந்தாள்.

“ஓடுங்கோ அக்கா, ஓடுங்கோ! ஏன் நிண்டனீங்கள்?”

“பந்து கையில இருக்கேக்க எப்பிடி ஓடுறது?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவர் நடக்கக் கூடாது. ஊன்றிய காலை எடுத்து மறுபடி ஊன்றினால் தவறு. மூன்று நொடிக்குள் கைமாற்ற வேண்டும். பள்ளிப் பருவம் முழுக்க விசில் அடித்து விசில் அடித்து அந்தக் கால்களை நிறுத்தியிருக்கிறார்கள். பந்து கையில் பட்டால் கால் நின்றுவிடும். மூளையைக் கேட்பதில்லை.

ஹேண்ட்பால் ஆடி வந்த ஜெர்மன் பெண்களிடமும் இது இருந்தது. ஹேண்ட்பாலில் பந்தோடு மூன்று எட்டுதான் வைக்கலாம்; அவர்களும் மூன்று எட்டு ஓடிவிட்டுத் தடுமாறுவார்கள். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. சாந்தினிக்குச் சரியாகவில்லை. ரொட்டியை இடுக்கிக்கொண்டு ஓடச் சொன்னோம், ஓடினார். மகனைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னோம். அவனையும் தூக்கிக்கொண்டு ஓடினார். பந்தைக் கொடுத்தால் நின்றார்.

“பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுறீங்கள்தானே?” துஷி கெஞ்சினாள்.

“அது பிள்ளை. இது பந்து. நான் என்ன செய்ய, ஏலாது எண்டா ஏலாது.”

போட்டிக்குப் போட்டி அதே காட்சி. சாந்தினி பிடிப்பார், நிற்பார். எதிரணி வந்து சாய்க்கும். துஷி கையை வீசிக்கொண்டு திட்டப் போவாள். பார்வையாளர்கள் அதற்கென்றே காத்திருக்க ஆரம்பித்தார்கள். ஜெர்மன் குழந்தைகள் இருவர் “ஓடுங்கோ” என்று கத்தக் கற்றுக்கொண்டார்கள்.

பாதிப் பருவத்தில் பிர்கிட் சாந்தினியை நீக்கிவிடலாம் என்றார். “பிடித்த இடத்திலேயே நிற்கிறார். எனக்கு ஓடுகிற ஆள் வேண்டும்.”

“ஓடுறவை பிடிக்கினம் இல்லையே,” என்றாள் துஷி என்னிடம் தமிழில். பிறகு பிர்கிட்டிடம் ஜெர்மனில் சொன்னாள்: சாந்தினி போனால் நான் யாருக்கு எறிவது, மரத்துக்கா?

சாந்தினி தங்கினார். ஆனால் அதற்குப் பிறகு ரோல்ஸ் பெட்டி வருவது குறைந்தது. 

திட்டப் போனவள்

ஒரு வெள்ளிக்கிழமைப் பயிற்சி. வெயில் சாயும் நேரம். துஷி எறிந்தாள், சாந்தினி பிடித்தார், நின்றார். துஷி வழக்கம்போலத் திட்டப் போனாள். தடுப்பாட்டம் ஆடிய மூன்று பேர் சாந்தினியைச் சாய்க்கப் பாய்ந்தார்கள்.

சாந்தினி இடமும் வலமும் பார்த்தார். யாரும் இல்லை. பின்னால் பார்த்தார். கையை விரித்து ஏதோ கத்திக்கொண்டு ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். வலைப்பந்தில் கையை விரித்து வருபவருக்குப் பந்து கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டார்.

பந்து துஷியின் நெஞ்சில் மோதி அவள் கைக்குள் விழுந்தது. திட்டு பாதியில் நின்றது. தடுப்பாளர்கள் மூவரும் சாந்தினியின் மேல் குவிந்து கிடந்தார்கள். துஷிக்கு முன்னால் ஒருவரும் இல்லை. ஒரு கணம் விழித்துவிட்டு, ஓடினாள். எல்லைக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கத்து வேலி வரை ஓடினாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா புல்லில் புரண்டு சிரித்தாள். பிர்கிட் மட்டும் சிரிக்கவில்லை. பின்னோக்கிக் கொடுப்பது எப்போதும் சட்டப்படி சரி.

“இன்னொரு முறை,” என்றார்.

அடுத்த முறை துஷி கையை நீட்டிக்கொண்டு நேராகப் பந்துக்காக ஓடினாள். சரியாக வரவில்லை, தடுப்பாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

“கோபத்தோடு போ,” என்றார் பிர்கிட். “திட்டு.”

துஷிக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

ஆனால் அதைப் போட்டியில் ஆட பிர்கிட் மறுத்தார். கதவில் ஒட்டியிருந்ததுதான் காரணம். துஷி ஓடினால் அவளைச் சாய்ப்பார்கள். தோள் போனால் எல்லாம் போனது. இந்த அணியில் ஒவ்வொரு ஆளும், ஒவ்வொரு கோடும், அவள் ஓடாமல் இருப்பதற்காகத்தான் வைக்கப்பட்டிருந்தது.

இதற்கிடையில் நான் ஒன்றைக் கவனித்தேன். கடைசி ஆட்டத்தில் எங்களோடு மோதவிருந்த அணியிலிருந்து இரண்டு பேர் எங்கள் ஆட்டங்களுக்கு வீடியோ கேமராவுடன் வந்துகொண்டிருந்தார்கள். சாந்தினி பிடித்து நின்றதும் படம்பிடிப்பதை நிறுத்திவிடுவார்கள். துஷி திட்டப் போவது ஆட்டம் முடிந்த பிறகு நடக்கும் குடும்பச் சண்டை. அதை எதற்குப் படம்பிடிப்பது?

பிர்கிட்டிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த பேக்கிங் தாளைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். 

கடைசி முயற்சி

இப்போது அந்த ஈரப் புல்லுக்குத் திரும்புகிறேன்.

அணிகள் கோட்டுக்கு வந்தன. ஸ்டெல்லா வலக்கோடியில் குனிந்தாள். டென்னிஸ் பந்துகள் இல்லாமலே முஷ்டி இறுகியிருந்தது. எதிரணியின் நடுவில் செம்பட்டைப் பின்னல் போட்ட பெண் நின்றாள். அன்று சாந்தினியை அதிகமும் சாய்த்தவள் அவள்தான். எழுந்திருக்க ஒவ்வொரு முறையும் கை கொடுத்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பந்து துஷியின் கைக்கு வந்தது. வலப்பக்கமிருந்து ஒருத்தி பாய்ந்தாள்; ஸ்டெல்லா மூடிய கைகளாலேயே அவளைத் தள்ளி நிறுத்தினாள். பிடிக்கவில்லை.

துஷி எறிந்தாள். குறுகிய தூரம், முழு வேகம். சாந்தினி திரும்பினார், பத்து விரலும் விரிந்தன, பிடித்தார்.

நின்றார்.

மைதானமே முனகியது. சிவா அண்ணை கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். செம்பட்டைப் பின்னல்காரியும் இன்னும் இரண்டு பேரும் சாந்தினியை நோக்கி வந்தார்கள். அவசரமே இல்லை, நிற்கிறவரைச் சாய்க்க என்ன அவசரம்? வேலியோரத்தில் இரண்டு ஜெர்மன் குழந்தைகள் கத்தின: “ஓடுங்கோ!”

துஷி கையை வீசிக்கொண்டு போனாள். “ஏன் நிண்டனீங்கள்? உங்களுக்கு விசரோ? எத்தினை தரம் சொல்லுறது?” நிஜமாகவே கோபமாக இருந்தாளோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். அவளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாந்தினி இடமும் வலமும் பார்த்தார். பின்னால் கொடுத்தார்.

துஷி ஓடினாள்.

பந்து போய்விட்டதை அந்த மூவரும் புரிந்துகொள்ள ஒரு மூச்சு நேரம் ஆனது. அந்த ஒரு மூச்சில் துஷி அவர்களைத் தாண்டிவிட்டாள். ஆனால் எல்லைக்கோட்டருகே கடைசிக் காவலாக ஒருத்தி நின்றிருந்தாள். நல்ல உயரம். துஷியின் இடத்தோளைக் குறிவைத்துச் சாய்ந்து வந்தாள். பிர்கிட் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். எனக்குத் திண்டுக்கல் ஞாபகம் வந்தது.

பயிற்சியில் திட்டம் இத்தோடு முடிந்துவிடும். அங்கே கடைசிக் காவலாக நிறுத்த எங்களிடம் ஆள் இருந்ததில்லை. சாந்தினி அந்த நேரத்தில் மூன்று பேருக்கு அடியில் கிடப்பார்.

அன்று அவர் கிடக்கவில்லை. வந்தவர்கள் பந்தைத் தேடித் திரும்பிவிட்டதால் அவரை யாரும் சாய்க்கவில்லை. துஷிக்கு வலப்பக்கமாக ஓர் உருவம் வந்தது. முழங்கால் நெஞ்சளவு உயர்ந்து இறங்கியது. இரண்டே பாய்ச்சலில் அது துஷியை முந்தியது. கையில் ஒன்றுமில்லாத சாந்தினி ஓடிக்கொண்டிருந்தார்.

கடைசிக் காவல்காரிக்கு முன்னால் நேராகப் போய் நின்றார். நிற்பதில்தான் அவரை மிஞ்ச ஆள் கிடையாதே. இருவரும் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. இருவரும் விழுந்தார்கள். துஷி அவர்களைச் சுற்றிப் போய்க் கோட்டைத் தாண்டி, கால் வழுக்கி, பந்தைக் கட்டிக்கொண்டு மல்லாந்தாள்.

நடுவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

எழுத வேண்டியதை நான் எழுதவில்லை. அந்த ஆட்டத்தின் கடைசி வரி என் தாளில் இல்லை. கோட்டைத் தாண்டி, போகக் கூடாத இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் சாந்தினியின் இரண்டு பிள்ளைகளும், அவர்களுக்கு முன்னால் பிர்கிட்டும் ஓடினார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது சாந்தினி எழுந்து உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் ஒரு பக்கமாகத் திரும்பி, ஒரு கண் மட்டும் தெரிந்தது. மல்லாந்து கிடந்த துஷி தலையை மட்டும் தூக்கி அவரை முறைத்தாள்.

“அக்கா, இவ்வளவு வேகமா ஓடுவீங்களோ? இவ்வளவு நாளும் எங்க வச்சிருந்தனீங்கள்?”

“பந்து கையில இல்லைத்தானே,” என்றார் சாந்தினி.

பிர்கிட் துஷியின் அருகே மண்டியிட்டு முதலில் இடத்தோளை அழுத்திப் பார்த்தார். எலும்பு எலும்பாகப் பார்த்தார். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஜெர்மனில் ஒரே அசை.

“உண்ட்?”

அப்புறம் என்ன, என்று அர்த்தம். போகிறாயா, இருக்கிறாயா என்று அர்த்தம்.

துஷி பல்காப்பைத் துப்பினாள். வானத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னாள்.

“நான் போனா அடுத்த வருசம் இவவை ஆர் திட்டுறது?”

பிர்கிட் என் பக்கம் திரும்பினார். “என்ன சொல்கிறாள்?”

எத்தனையோ பேருடைய பேச்சைச் சொல்லுக்குச் சொல் மாறாமல் பத்திரிகையில் கொடுத்தவள் நான். அன்று ஒரே சொல்லில் சுருக்கிவிட்டேன்.

“இருக்கிறாளாம்,” என்றேன்.